சிஸ்டம்32க்குள் ஒரு டெலிபோன் நோட்டு

ஃபைபர் லைன் பார்க்கும் தம்பி மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிவகாசியில் அந்த வாரம் முழுக்க ஐப்பசி மழை. மேலே கம்பத்துப் பக்கம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவர், ஹாலில் மோடத்திலிருந்து மஞ்சள் வயரைக் கழற்றி, கையிலிருந்த பவர் மீட்டரில் செருகினார். மைனஸ் 19 என்று காட்டியது.

"சிக்னல் சூப்பரா இருக்குக்கா. லைன்ல ஒரு குறையும் இல்ல."

என் மகன் பக்கத்திலேயே நின்றான். பத்தாம் வகுப்பு. நான் அச்சகத்துக்கு புரூஃப் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், மோடத்தின் மேல் ஒட்டியிருந்த நம்பருக்கு அவனே போன் போட்டு வரவழைத்திருக்கிறான். "மத்த சைட்டெல்லாம் ஓப்பன் ஆகுதுண்ணே, ஒண்ணு ரெண்டு மட்டும் மூணு நாளா வரல" என்று விளக்கிக்கொண்டிருந்தான். லைன் தம்பி தன் போனை எங்கள் வைஃபையில் சேர்த்து அந்தத் தளத்தை அடித்தார். வந்துவிட்டது. கணினியில் அடித்தார். வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப சிஸ்டத்துலதாங்க்கா பிரச்சனை. வைரஸா இருக்கும். ஃபார்மட் அடிச்சுப் பாருங்க, சரியாயிடும்."

நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி மழைக்குள் போனார். மூன்று நாளாக அந்தத் தளங்கள் ஏன் வரவில்லை என்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். மூன்று நாளுக்கு முன் ராத்திரி பதினொன்றரை மணிக்கு அதை அடைத்தவள் நான்தான். அவர் மாடிக்கு ஏறும்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, இறங்கி வந்தபோதும் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கணினி. பெரிய ஆபீஸ் விவகாரமெல்லாம் கிடையாது. விண்டோஸ் 7, பழைய பேஜ்மேக்கர், பத்து வருஷத்து தமிழ் எழுத்துருக்கள். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர் தாள் என்று டிடிபி வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். ஆடிப் பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஊர் முழுக்க ஆர்டர் சூடு பிடிக்கும். அதிலிருந்து மார்கழி வரை எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. அந்த மாதங்களில்தான் அவனுக்கும் காலாண்டு, அரையாண்டு. நான் அச்சகத்துக்குப் போய்வரும் ஒரு மணி நேரத்தில் கணினி கேம் தளத்தில் இருக்கும். காலாண்டில் கணக்கு 41. கணினியைப் பூட்டி வைக்கவும் வழியில்லை. என் சோறும் அதில்தான், அவனுடைய பாட வீடியோவும் அதில்தான்.

எதிர்வீட்டு இன்ஜினியரிங் பையனிடம் புலம்பினேன். "ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஒரு வரி போட்டா போதுங்க்கா, காசு குடுத்து எதுவும் வாங்க வேணாம்" என்றான். அவன் சொல்லித் தந்த வழியில் சி டிரைவைத் திறந்தேன். விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. ஈடிசி ஃபோல்டரில் நாலைந்து கோப்புகள். அதில் ஒன்று ஹோஸ்ட்ஸ். வால் இல்லாத பெயர். கடைசியில் புள்ளியும் கிடையாது, டிஎக்ஸ்டியும் கிடையாது.

சிஸ்டம்32 என்றாலே கை நடுங்கும். அதற்குள் எதைத் தொட்டாலும் கணினி செத்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் கண்முன் வருவது வெறும் எழுத்து. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். மேலே மைக்ரோசாஃப்டின் 1993-2009 பதிப்புரிமை வரி. கீழே, ஒரு வரிக்கு ஒரு பதிவு, முதலில் எண், ஓர் இடைவெளி, பிறகு பெயர் என்று விளக்கம். மாதிரிக்கு ரைனோ டாட் ஆக்மி டாட் காம் என்று ஒரு கற்பனைப் பெயரும், அதன் முன்னால் 102.54.94.97 என்ற எண்ணும். எல்லா வரிக்கும் முன்னால் ஒரு ஹேஷ் குறி. ஹேஷ் இருந்தால் கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அது மனிதர்கள் படிக்க.

லேண்ட்லைன் இருந்த வீடுகளில் போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? மேல் வீட்டு மாமா நம்பர், கேஸ் ஏஜென்சி நம்பர், டாக்டர் நம்பர். நோட்டில் இருந்தால் அப்படியே சுழற்றுவோம். இல்லாவிட்டால்தான் 197க்குப் போட்டு விசாரிப்போம். ஹோஸ்ட்ஸ் கோப்பு அந்த நோட்டு. நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்தால், அந்தப் பெயருக்கு உரிய எண்ணைக் கணினி கண்டுபிடித்தாக வேண்டும். வெளியே, பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பதற்கு முன்னால் வீட்டு நோட்டைப் பார்க்கும். அதில் எண் இருந்தால் அதுதான் முடிவு, வெளியே விசாரிப்பதே இல்லை. நோட்டில் தப்பான நம்பரை எழுதி வைத்தால் தப்பான இடத்துக்குத்தான் மணி அடிக்கும். அடைப்பு என்பது இவ்வளவுதான்: கேம் தளத்தின் பெயருக்கு முன்னால், எங்கேயும் போய்ச் சேராத ஓர் எண்ணை எழுதி வைப்பது.

பலர் 127.0.0.1 என்று எழுதுகிறார்கள். அது அந்தக் கணினி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் எண். கூப்பிடும், அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது. எதிர்வீட்டுப் பையன் 0.0.0.0 போடச் சொன்னான். அது போகக்கூடிய முகவரியே இல்லை என்பதால் உடனே கைவிட்டுவிடும், காத்திருப்பு இருக்காது.

இப்படி ஒரு நோட்டு எதற்காகக் கணினிக்குள் இருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தபோதுதான் எனக்கு அந்தக் கோப்பின் மேல் மரியாதையே வந்தது. இணையத்துக்கு முந்தைய ஆர்ப்பாநெட் என்ற வலைப்பின்னலின் காலத்தில், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டிருந்தது. ஓரிடத்துப் பட்டியல் இன்னோரிடத்தோடு ஒத்துப்போகாது. 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர், எல்லோருக்கும் பொதுவாக ஒரே பட்டியல் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த மாதமே, 1974 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்ஆர்ஐ என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக இன்னொரு குறிப்பு வந்தது. அந்த மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி. ஜேக் என்று கூப்பிடுவார்களாம். 1972 முதல் 1989 வரை அங்கே வேலை பார்த்தார். புதிதாக ஒரு கணினி வலைப்பின்னலில் சேர வேண்டுமென்றால் அவருடைய குழுவிடம் சொல்ல வேண்டும், அவர்கள் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற கணினிகள் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளும். வலைப்பின்னலில் இருந்த கணினிகள் அத்தனையும் ஒரே பட்டியலில், ஒரே அலுவலகத்துப் பெண்களும் ஆண்களும் கையால் திருத்திய பட்டியலில் இருந்தன. நாள் முழுக்கப் பெயர்ப் பட்டியலை புரூஃப் பார்க்கிறவளுக்கு அந்த வேலையின் கனம் புரியும். ஒரு எண் மாறினால் ஒரு பல்கலைக்கழகமே காணாமல் போய்விடும்.

கணினிகள் பெருகப் பெருகக் கையால் சமாளிக்க முடியவில்லை. 1983 நவம்பரில் பால் மோக்கபெட்ரிஸ், இன்று உலகமே நம்பியிருக்கும் டிஎன்எஸ் முறையை எழுதி வெளியிட்டார். பட்டியலை ஓரிடத்தில் வைக்காமல், ஒவ்வொரு கிளையையும் அந்தந்தக் கிளைக்காரரே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆனாலும் பழைய நோட்டை யாரும் தூக்கி எறியவில்லை. யூனிக்ஸ் கணினிகளில் அது ஈடிசி என்ற அடைவில் இருந்தது. விண்டோஸ் வலைப்பின்னல் பழகியபோது அந்த அடைவின் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. சிஸ்டம்32க்குள் சம்பந்தமில்லாமல் ஓர் ஈடிசி உட்கார்ந்திருப்பதன் காரணம் அதுதான்.

அன்று ராத்திரி எனக்கு இதெல்லாம் தெரியாது. அவன் தூங்கியதும் உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்து கீழே வரை உருட்டினால், மைக்ரோசாஃப்டின் வரிகளுக்குக் கீழே, நிறைய வெற்றிடம் விட்டு, இன்னும் பதினொரு வரிகள் இருந்தன. ஹேஷ் இல்லாத வரிகள். ஒவ்வொன்றிலும் 127.0.0.1, பக்கத்தில் நான் தினமும் பயன்படுத்தும் டிசைன் மென்பொருள் நிறுவனத்தின் ஏதோ ஒரு முகவரி. நான் எழுதியதில்லை. வீட்டில் வேறு யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லை.

எதிர்வீட்டுப் பையனிடம் காலையில் கேட்டபோது ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டான். கணினியை அசெம்பிள் செய்து தந்த கடைக்காரர், உரிமம் வாங்காத மென்பொருளை ஏற்றிவிட்டு, அது தன் நிறுவனத்தோடு பேசி உரிமத்தைச் சரிபார்த்துவிடாமல் இருக்க வாயைக் கட்டியிருக்கிறார். எங்கள் ஊர் டிடிபி கணினிகளில் இது புதிதில்லை என்றும் சொன்னான். ஆறு வருஷமாக என் கணினி எனக்குத் தெரியாமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. மென்பொருளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கடையில் பணம் கொடுத்தேன். எனக்குக் கோபம் வந்தது. இதை இத்தனை விவரமாக எழுதுவதற்குக் காரணம், அந்தக் கோபத்தோடு உட்கார்ந்த மறுநாள் ராத்திரியில்தான், அந்தப் பதினொரு வரிகளுக்கு அடியில், என் மகனுக்குத் தெரியாமல் என் வரிகளையும் எழுதினேன்.

எழுதுவதிலும் சின்னச் சின்ன முட்கள் உண்டு. நோட்பேடைச் சாதாரணமாகத் திறந்து எழுதினால் சேமிக்க விடாது. அனுமதி இல்லை என்று சொல்லும், அல்லது வேறிடத்தில் சேமிக்கச் சொல்லும். நோட்பேடின் மேல் வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு என்பதைக் கொடுக்க வேண்டும். திரை ஒரு நொடி மங்கி, ஆமாமா இல்லையா என்று கேட்கும். அதன் பிறகு நோட்பேடுக்குள்ளிருந்து கோப்பைத் திறந்தால் ஃபோல்டர் காலியாகத் தெரியும். கீழே 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்றினால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும். வேறிடத்தில் சேமித்துவிட்டு இழுத்துப் போடலாம் என்று நினைத்தால் நோட்பேடு தானாக டிஎக்ஸ்டி வாலை ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் பார்க்க ஹோஸ்ட்ஸ் மாதிரியே இருக்கும், வேலை செய்யாது. எனக்கு அரை மணி நேரம் அதில் போனது.

பெயர் விஷயத்தில் இந்தக் கோப்பு மகா கறார். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ள பெயர் வேறு, இல்லாத பெயர் வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு 'இதன் கீழ் உள்ள எல்லாம்' என்று சொல்ல முடியாது. ஒரு தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் அடைக்கவும் முடியாது. பெயர் அளவில்தான் கதவு. எழுதி முடித்ததும் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஃபிளஷ்டிஎன்எஸ் என்று அடித்தால் கணினி ஏற்கெனவே நினைவில் வைத்திருந்த பழைய எண்கள் அழிந்துவிடும். பிரவுசரை மூடித் திறந்தேன். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

அந்த அறிவிப்பைத்தான் பிறகு பல நாள் யோசித்தேன். அடைய முடியவில்லை என்று மட்டும் சொல்கிறதே தவிர, யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. தளம் படுத்துவிட்டால் எப்படி வருமோ, வயர் அறுந்தால் எப்படி வருமோ, ஏறக்குறைய அப்படியேதான் வருகிறது. பள்ளியிலோ ஆபீசிலோ அடைத்தால் 'இது இங்கே தடைசெய்யப்பட்டது' என்று ஒரு பக்கமாவது பெரும்பாலும் வரும். இதில் அதுவும் இல்லை. அவன் பாவம், மூன்று நாளாக மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறான். பிரவுசரை நீக்கி மறுபடி ஏற்றியிருக்கிறான். பள்ளியில் நண்பர்களிடம் உங்களுக்கு வருதாடா என்று கேட்டிருக்கிறான். கடைசியில் லைன் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறான்.

அவர் போன அன்று ராத்திரி, சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போட்டவன் கேட்டான்:

"ம்மா, ஃபார்மட் பண்ணிரலாமா? உன் வேலையெல்லாம் பென்டிரைவ்ல எடுத்து வச்சிட்டு நானே பண்றேன்."

ஆறு வருஷத்து டிசைன் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் எனக்கு அப்போது நெஞ்சு அடைத்தது அதற்காக இல்லை. அவன் உதவி செய்வதாக நினைத்துக் கேட்கிறான். நான் போட்ட பூட்டை உடைக்க, என் வேலையைப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க உட்காரத் தயாராக இருக்கிறான்.

சொல்லிவிட்டேன். கணினியைப் போட்டு, ஈடிசி ஃபோல்டரைத் திறந்து, என் வரிகளைக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேம் போனதற்குக் கத்துவான் என்று நினைத்தேன்.

"அந்த அண்ணன் மழையில நனைஞ்சாரும்மா" என்றான்.

பிறகு, "மூணு நாளா நான் ஒருத்தன் கிறுக்கன் மாதிரி மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டிருந்தேன். நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலையில் லைன் தம்பிக்கும் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பரவால்லக்கா. இனிமே இந்த மாதிரி கம்ப்ளெயின்ட் வந்தா அந்த ஃபைலையும் ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்றார். நல்ல மனுஷர்.

பிள்ளைகள் விஷயத்தில் அடைக்கலாமா கூடாதா என்று கேட்டால், அடைக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். பதினைந்து வயதுப் பையன் ராத்திரியும் பகலும் இழுக்கும்படி கட்டப்பட்ட ஒரு தளத்தோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. ஆனால் அடைத்ததைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்யும்போது கணினி அவனிடம் பொய் சொல்கிறது, சொல்ல வைத்தது நாம். அந்தக் கடைக்காரர் என் கணினியில் செய்ததும் அதுதான். அவர் வரிகளைப் பார்த்து எனக்கு வந்த கோபம், என் வரிகளைப் பார்த்து அவனுக்கு வருவதில் தப்பு ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். முதலில் பழைய பதினொரு வரிகளைப் பற்றி அவனிடம் சொன்னேன். அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பைப் பழகுவது என்று முடிவெடுத்து, வரிகளை அழித்தோம். பழக எனக்கு நாலு மாதம் ஆயிற்று, வேலையும் மெதுவாகத்தான் நடந்தது. அது தனிக் கதை.

பிறகு அவனுக்கான பட்டியல். எதை அடைக்க வேண்டும் என்று அவனிடமே கேட்டேன். நான் இரண்டு தளங்களைத்தான் அடைத்திருந்தேன். அவன் ஏழு சொன்னான். அவற்றில் நாலு எனக்குத் தெரியவே தெரியாது. அதில் ஒன்று, பாடப்புத்தகத்தின் பெயரோடு இருக்கும், உள்ளே கேம். ஒவ்வொன்றையும் அவனே தட்டச்சு செய்தான். டபிள்யூ டபிள்யூ டபிள்யூவோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, மொத்தம் பதினாலு வரி. மேலே ஒரு ஹேஷ் போட்டு, எதற்காக, எந்தத் தேதி வரை என்று தமிழில் எழுதலாம் என்றான். '# பரீட்சை முடியும் வரை. நானும் அம்மாவும் பேசி எழுதியது' என்று எழுதினான்.

சேமித்துத் திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். டிடிபி வேலை செய்கிறவளுக்கு இது பழகின தொல்லை. பழைய நோட்பேடு கோப்பை ஆன்சி என்ற முறையில் சேமிக்கும், அதில் தமிழுக்கு இடமில்லை. சேமிக்கும்போது கீழே எழுத்துமுறையை மாற்ற வேண்டும். 'யூனிகோடு' என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தோம். தமிழ் அழகாக வந்தது, கேம் தளமும் கூடவே திறந்துகொண்டது. அந்த முறையில் சேமித்தால் கோப்பின் வரிகளை விண்டோஸால் படிக்க முடிவதில்லை. யூடிஎஃப்-8 என்று மாற்றியதும் இரண்டும் சரியாயின. புது விண்டோஸில் நோட்பேடே யூடிஎஃப்-8ல்தான் சேமிக்கிறது, இந்தத் தொல்லை இருக்காது.

யூடியூபை என்ன செய்வது என்பதில்தான் நெடுநேரம் பேச்சு. அவனுடைய கணக்கு, அறிவியல் பாடங்கள் எல்லாம் அதில். அடைத்தால் எல்லாம் போகும். இந்த இடத்தில் எதிர்வீட்டுப் பையன் ஒரு நல்ல வழி சொன்னான். எங்கேயும் போகாத எண்ணுக்குப் பதிலாக, 216.239.38.120 என்ற எண்ணை யூடியூப் பெயருக்கு முன்னால் எழுதினால், யூடியூப் வரும், ஆனால் கட்டுப்பாட்டு முறையில் வரும். கூகுளே இதற்கென்று வைத்திருக்கும் எண் அது. கொஞ்சம் தளர்வு வேண்டுமென்றால் கடைசியில் 119. கூகுள் தேடலின் பெயருக்கு முன்னாலும் அதே 120ஐப் போட்டால் பாதுகாப்பான தேடல் நிரந்தரமாக நிற்கும். டாட் காம், டாட் கோ டாட் இன் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். நாங்கள் 119 போட்டோம். பாட வீடியோக்கள் எல்லாம் வந்தன. கீழே கருத்துகள் வரவில்லை. அவனுக்கு அது ஒரு குறை, எனக்கு நிம்மதி.

மென்பொருள் எழுதுகிறவர்கள் கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பல்லாயிரம் வரிகளோடு ஆயத்தப் பட்டியல்களும் கிடைக்கின்றன. விளம்பரம், சூதாட்டம், ஆபாசம் என்று வகை வகையாக. ஒன்றை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். விளம்பரங்கள் குறைந்தது உண்மை. ஒரு வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய படங்களின் இணைப்பு திறக்கவில்லை. எந்த வரி தடுக்கிறது என்று அத்தனை வரிகளுக்குள் தேட எனக்குப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. எடுத்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் மேலிருந்து கீழே வரை ஒரு நிமிடத்தில் படித்துவிடக்கூடிய பட்டியலே எங்களுக்குப் போதும்.

இந்தக் கோப்பால் முடியாதவை நிறைய. போனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கணினிக்கு மட்டும்தான். போன், டிவி எல்லாவற்றுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ரூட்டரில் டிஎன்எஸ் எண்ணை மாற்ற வேண்டும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020ல் குடும்பங்களுக்கென்று கொடுத்த 1.1.1.3 அப்படிப்பட்டது, ஆபாசத் தளங்களைத் தானே வடிகட்டிவிடும். பிரவுசரில் விபிஎன் நீட்சி ஒன்றைப் போட்டால் பெயர் கேட்பதெல்லாம் வேறெங்கோ நடக்கும், நம் நோட்டைத் திரும்பிப் பார்க்காது. அதைவிட, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள யாரும் வரியை அழித்துவிடலாம். பிள்ளைக்கென்று சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால், அவனால் கோப்பைப் படிக்க முடியும், திருத்த முடியாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரி. நான் அவனுக்குத் தனிக் கணக்கு போடவில்லை. திருத்தும் உரிமை அவனுக்கும் இருக்கட்டும் என்று விட்டேன்.

இரண்டு தடவை எடுத்திருக்கிறான். இரண்டு தடவையும் அவனே சொன்னான். நோட்பேடை வலது கிளிக் செய்து, திரை மங்கி, ஆமா கொடுத்து, ஃபோல்டர் ஃபோல்டராகப் போய், ஹேஷ் போட்டு, சேமித்து, கறுப்புத் திரையில் அடித்து முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். "பாதி ஆசை அதுக்குள்ளயே போயிடுதும்மா. நடுவுல நான் எழுதுனதையே படிக்க வேண்டியிருக்கு" என்றான். அரையாண்டில் கணக்கு 63. அந்த உயர்வு முழுக்க இந்தக் கோப்பால் வந்தது என்று சொல்ல மாட்டேன். மாலையில் டியூஷனும் சேர்த்திருந்தோம்.

ஒரு விஷயத்தை எல்லோரும் செய்துவிடுங்கள். இன்றே உங்கள் கணினியில் இந்தக் கோப்பைத் திறந்து கடைசி வரி வரை உருட்டிப் பாருங்கள். நடுவில் வெற்றிடம் விட்டு, கண்ணுக்குத் தெரியாத அடியில் எழுதி வைப்பது பழைய தந்திரம். 2004 ஜனவரியில் பரவிய மைடூம் என்ற வைரஸின் இரண்டாவது வகை இந்தக் கோப்பில்தான் கை வைத்தது. வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் பெயர்களையும் மைக்ரோசாஃப்டின் பெயர்களையும் எழுதி, மருந்து வாங்கப் போகிற வழியையே அடைத்தது. வங்கியின் பெயருக்கு முன்னால் திருடனின் எண்ணை எழுதுகிறவர்களும் உண்டு. இப்போது வங்கித் தளங்கள் எல்லாம் பூட்டுக் குறியோடு சான்றிதழ் காட்டுவதால், அப்படித் திருப்பிவிட்டால் பிரவுசர் பெரிய எச்சரிக்கை கொடுக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸின் டிஃபெண்டரும் இந்தக் கோப்பைக் கவனிக்கிறது; 2020ன் நடுவிலிருந்து, மைக்ரோசாஃப்டின் சில முகவரிகளை நீங்களே அடைத்திருந்தாலும் யாரோ கோப்பைக் கடத்திவிட்டதாகக் காட்டும். பயப்பட வேண்டாம், உங்கள் வரியா என்று மட்டும் பாருங்கள். ஹேஷ் இல்லாத, நீங்கள் எழுதாத வரி ஒன்று இருந்தால், அது என்ன, யார் எழுதியது என்று விசாரியுங்கள்.

பொதுத்தேர்வின் கடைசிப் பரீட்சை அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்தான். பதினாலு வரிகளுக்கு முன்னாலும் ஹேஷ் போட்டான். அழிக்கவில்லை. பிறகு கேம் போட்டு ராத்திரி வரை விளையாடினான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி பிறந்ததும் எனக்கு வேலை குவிந்தது. அந்த வருஷம் ஒரு பழக்கம் எனக்குத் தொற்றியிருந்தது. நேரலையில் சேலை விற்கும் தளம் ஒன்று. ஒரு பத்திரிகை முடித்ததும் அஞ்சு நிமிடம் பார்க்கலாம் என்று திறப்பேன், முக்கால் மணி நேரம் போயிருக்கும். வாங்குவதும் இல்லை. ஒருநாள் புரூஃபில் மணமகளின் அப்பா பெயரைத் தப்பாக விட்டுவிட்டு, அச்சகத்தில் ஐந்நூறு பத்திரிகை வீணானது. அன்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, அந்தத் தளத்தின் பெயரைச் சொன்னேன்.

ஏன் என்று கேட்கவில்லை. நோட்பேடைத் திறந்து, தன் பதினாலு வரிகளுக்குக் கீழே ஓர் இடம் விட்டு, இரண்டு வரி எழுதினான். மேலே ஹேஷ் போட்டான்.

'# அம்மா கேட்டது. மார்கழி வரை.'